கொண்டாட்டம் இல்லாத மாதம்

திங்கட்கிழமை காலை பத்து இருபதுக்கு அக்காவின் அழைப்பு வந்தது. கோல்டிங்கில் என் அலுவலகத்தில் எல்லோரும் கோப்பிக்கு எழும்பிக்கொண்டிருந்த நேரம். "அவர் போயிட்டார் விக்கி," என்றாள். "டொக்டர் வந்து பாத்திட்டு இப்பதான் சொன்னவர். நெஞ்சு நிண்டு போச்சாம்." அழவில்லை. அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவள் போல அவசரமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பிரெடெரிசியாவில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ரயிலில் போகும்போதுதான் யோசித்தேன். திங்கட்கிழமை. டென்மார்க்கில் எந்தத் தமிழரும் ஒரு கொண்டாட்டமும் வைக்காத நாள். அத்தான் தன் சாவைக்கூட யாருடைய மண்டப முற்பணமும் வீணாகாத நாளாகப் பார்த்து வைத்துக்கொண்டிருந்தார். அடக்கத்துக்கு நாள் எடுப்பதுதான் பெரும் பாடாகிப் போனது. சனிக்கிழமை பெரியபிள்ளையான ஒருத்திக்குச் சாமத்தியவீடு, ஞாயிற்றுக்கிழமை ஒரு அறுபதாம் பிறந்தநாள். கடைசியில் வெள்ளிக்கிழமை என்று முடிவானது. அன்றைக்குக் கோயில் வாசலில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகக் கதைத்தார்கள். செபம் சொல்கிறார்கள் என்று நினைத்துக் கிட்டப் போனேன். "நாளைக்கு ஆட்டிறைச்சி ஆர் காய்ச்சப் போகினம்?" என்றுதான் கதைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. பெட்டிக்குள் இருந்தவருக்குக் கேட்டிருந்தால் பெருமைப்பட்டிருப்பார்.

அத்தானின் பெயர் அந்தோனிதாசன். மன்னாரில் பேசாலை. எண்பதுகளின் கடைசியில் இங்கே வந்து, டேனிஷ் பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் இருந்துவிட்டு, மீன் தொழிற்சாலை ஒன்றின் குளிர் அறைக்குள் போனவர், ஓய்வு எடுக்கும் வரைக்கும் அதே அறையில்தான் இருந்தார். வேலை, இறால் பொதி செய்வது. கிறீன்லாந்துக் கடலில் பிடித்து உறைய வைத்து வரும் சின்னச் சின்ன இறால்கள். பெட்டியின் மேலே ஒரு படம் இருக்கும். கறுப்புக் கடல், அதில் வெள்ளை வெளேரென்று பனிமலைகள், அவற்றுக்கு நடுவில் சிவப்பாக ஒரு சின்ன வள்ளம்.

முதல் பத்து வருடம் அந்த இறாலை அவர் மதிக்கவே இல்லை. "இது றாலே மச்சாள்? பேசாலையில இதைக் கூனி எண்டு சொல்லிக் காயப் போடுவினம்," என்பார் என்னிடம். அடுத்த பத்து வருடத்தில் கொஞ்சம் இறங்கி வந்தார். "சின்னன்தான். ஆனா இனிப்பு. குளிர்த் தண்ணியில வளர்ந்தது." அதற்குப் பிறகு அவருக்கு இறால் போய்ப் படம் பிடித்துக்கொண்டது. அந்த வள்ளம் நிற்கும் இடத்தில் தானும் ஒருமுறை நிற்கவேண்டும். அது இலுலிசாட் என்ற ஊர் என்று விசாரித்து வைத்திருந்தார். எங்களுடைய ஆட்கள் விடுமுறை என்றால் லூர்துக்குப் போவார்கள், இல்லாவிட்டால் கனடாவில் யாருடையவோ கலியாணவீட்டுக்குப் போவார்கள். என் அக்கா மாக்கிரட்டும் அப்படித்தான். அத்தான் அவளிடம் சொன்னார்: "மாதாவை நாலுதரம் போய்ப் பாத்தாச்சு. ஐசை ஒருதரம் பாப்பம்."

"ஐசைப் பாக்க என்னத்துக்கு பிளேன்? பிரிட்ஜைத் திறவுங்கோ," என்றாள் அக்கா.

அவள் சம்மதித்த பிறகுதான் உண்மையான பிரச்சினை தொடங்கியது. எந்த மாதம் போவது?

ஒரு வீடு வாங்குவதற்குக்கூட அத்தான் இவ்வளவு விசாரித்ததில்லை. ஜூனில் போனால் சூரியன் மறையாது, இரவு பன்னிரண்டு மணிக்கும் வெயில் அடிக்கும். "அப்ப எப்பிடி நித்திரை கொள்ளுறது?" ஜூலையில் திமிங்கிலம் வரும், ஆனால் நுளம்பும் வரும். "நுளம்புக் கடி வாங்க இவ்வளவு தூரம் போகோணுமே, மன்னாருக்கே போகலாம்." மார்ச்சில் நாய் வண்டிலில் போகலாம். ஆனால் அது தவக்காலம். தவக்காலத்தில் நாய் வண்டிலில் ஏறிச் சுற்றுவதை மாதாவும் மன்னிக்கமாட்டாள், மாக்கிரட்டும் மன்னிக்கமாட்டாள். எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் செப்டெம்பர்தான் திறம். நுளம்பு செத்துவிடும். இரவு திரும்ப வந்துவிடும், வானத்தில் பச்சை வெளிச்சம் ஆடும். தண்ணீர் உறைந்திருக்காது, வள்ளமும் ஓடும்.

அவரோடு வேலை செய்த பிப்பலுக் என்ற கிறீன்லாந்துக்காரியிடமும் கேட்டாராம். எந்த மாதம் நல்லது என்று. அவள், உனக்கு எப்போது நேரம் இருக்கிறது என்று திருப்பிக் கேட்டாளாம். "கேட்டதுக்குப் பதில் சொல்லத் தெரியாத பிள்ளை," என்று என்னிடம் குறைப்பட்டார்.

ஆனால் அவள் சரியான இடத்தில்தான் கை வைத்திருந்தாள். அத்தானிடம் இல்லாதது நேரம் ஒன்றுதான்.

ஏனென்றால் அத்தானிடம் மூன்று பெரிய சட்டிகள் இருந்தன. முந்நூறு பேருக்குச் சோறும் இறைச்சியும் காய்ச்சக்கூடியவை. சட்டிகளோடு கைப்பக்குவமும் இருந்தது. பிரெடெரிசியா, கோல்டிங், வைல, ஹோர்சன்ஸ் என்று எந்த ஊரில் கொண்டாட்டம் வைத்தாலும், முதலில் மண்டபத்தைக் கேட்பார்கள், இரண்டாவதாக அந்தோனிதாசன் அண்ணையைக் கேட்பார்கள். மணமகன் சம்மதம் அதற்குப் பிறகு. ஒரு வருடத்துக்கு முன்பே சனிக்கிழமைகள் எல்லாம் போய்விடும். மே மாதம் கோயிலில் பிள்ளைகளுக்கு முதல்நன்மை. ஜூன், ஜூலை கலியாணம், விளையாட்டுப் போட்டி. ஓகஸ்டில் மாதா திருநாள். செப்டெம்பரில் சைவக்காரரின் ஆவணிக் கலியாணங்கள், மழைக்கு முன் முடித்துவிடவேண்டிய சாமத்தியவீடுகள். அத்தானுக்கு எல்லா நாட்டுத் தட்பவெப்பமும் தெரியும். மாட்டேன் என்று சொல்ல மட்டும் தெரியாது.

"இந்த வருஷம் செப்டெம்பரில நிச்சயமாப் போறம்," என்பார் ஒவ்வொரு புதுவருடத்திலும். செப்டெம்பரில் யாருடையவோ மண்டபத்துக்குப் பின்னால், மழையங்கியோடு, காஸ் அடுப்புக்கு முன்னால் நிற்பார். பதினோரு செப்டெம்பர்கள் அப்படிப் போயின.

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தான் மேசையில் இரண்டு நாட்காட்டிகளை விரித்து வைத்திருந்தார். ஒன்று எங்கள் கோயில் கொடுத்தது, மற்றது சைவக் கோயில் கொடுத்தது. முகத்தில் ஒரு வெளிச்சம்.

"மச்சாள், வாரும். கண்டுபிடிச்சிட்டன். நத்தாருக்கு முன்னம் எங்கட ஆக்கள் ஒண்டும் வைக்கமாட்டினம், திருவருகைக் காலம். மார்கழி நடுவில இருந்து தைப்பொங்கல் மட்டும் சைவக்காரர் ஒண்டும் வைக்கமாட்டினம். நத்தார், புதுவருஷம் முடிஞ்சு, மூண்டு இராசாக்கள் திருநாளும் முடிஞ்சாப் பிறகு பாரும். பொங்கல் வரைக்கும் ஒரு கிழமை. ஒருத்தனும் ஒண்டும் வைக்கமாட்டான்."

"ஏனெண்டா எல்லாரும் அப்ப கையில காசில்லாமல் இருப்பினம்," என்றாள் அக்கா.

மகள் ஜெசிக்கா சோபாவில் படுத்துக்கொண்டு போனில் தேடிப் பார்த்தாள். பிறகு டேனிஷில் சொன்னாள், அப்பா, அந்தக் கிழமை அங்கே சூரியனே வராது. நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி பதின்மூன்றாம் திகதிதான் திரும்ப வரும்.

அத்தான் யன்னலுக்கு வெளியே பார்த்தார். நவம்பர் மாதப் பின்னேரம் மூன்றரை. கார்கள் விளக்குப் போட்டுக்கொண்டு போயின. "இஞ்ச மட்டும் என்ன வாழுது?" என்றார்.

அவ்வளவுதான் முடிவு. பதினோரு வருடம் ஆராய்ந்தவர், ஆராய்ச்சியில் கடைசியாக வந்த மாதத்தைத் தெரிவுசெய்தார். எங்கள் ஆட்களால் மட்டும்தான் அப்படிச் செய்யமுடியும். அக்கா உடனே, "நான் தனிய இவரோட அந்த இருட்டுக்குள்ள போகேல்லை. நீயும் வா," என்று என்னை இழுத்துவிட்டாள். பொங்கல் விழாவுக்குப் பொறுப்பான சிவபாலன் அண்ணை ஒரு நிபந்தனை போட்டார். அவர் தீவிர சைவர். ஆனால் அவருடைய பொங்கலுக்குப் பால் பொங்கவைப்பது இருபது வருடமாகக் கத்தோலிக்க அத்தான்தான். ஜனவரிக் காற்றில், மண்டபத்துக்கு வெளியே, அந்தப் பெரிய பானையில் அடிப்பிடிக்காமல் பொங்க வேறு யாருக்கும் வராது.

"தாசன், நீ எங்க வேணுமெண்டாலும் போ. பதின்நாலாம் திகதி காலமை பானைக்குப் பக்கத்தில நிக்கோணும்."

"நிப்பன் அண்ணை. பன்ரண்டாம் திகதி பிளேன்."

அப்படித்தான் ஜனவரி ஏழாம் திகதி நாங்கள் புறப்பட்டோம். மூன்று பேர், நான்கு பெட்டி. ஒரு பெட்டிக்குள் சோறு அவிக்கும் குக்கரும் ஐந்து கிலோ சம்பா அரிசியும் மாசிச் சம்பலும். கொப்பன்ஹேகனில் பெட்டியை ஊடுகதிரில் பார்த்த அலுவலர் எங்களை ஏறெடுத்துப் பார்த்து, கிறீன்லாந்துக்கா என்று கேட்டார். "அங்கயும் பசிக்கும்தானே," என்று அத்தான் அவருக்குத் தமிழிலேயே பதில் சொன்னார்.

நூக்கில் விமானம் மாறி இலுலிசாட்டில் இறங்கியபோது மத்தியானம். இரவு போல இருந்தது. முழு இருட்டு என்றும் சொல்லமுடியாது. பகல் பன்னிரண்டு மணியளவில் வானத்தின் ஓரம் நீலமாகும், பிறகு கொஞ்சம் ஊதாவாகும், இரண்டு மணிக்குள் மூடிக்கொள்ளும். ஊருக்கு வெளியே கட்டி வைத்திருந்த நாய்கள் எல்லாம் சேர்ந்து ஊளையிட்டன. அக்கா கையில் செபமாலையோடுதான் கடைக்கும் போனாள்.

பனிமலைகள் ஊர்க் கரைக்கு மிகக் கிட்டத்தான் நின்றன. நின்றன என்று எங்களுக்குச் சொன்னார்கள். மத்தியான வெளிச்சத்திலும் கடல்மேல் மூடுபனி கிடந்தது, நாங்கள் கண்டது இருட்டுக்குள் அதைவிட வெளிறிய சில பெரிய உருவங்களை. வள்ளம் போகமுடியாது, தண்ணீர் இறுகிக் கிடந்தது. அத்தான் ஒவ்வொரு நாளும் இரண்டு சட்டை, இரண்டு ஜக்கெட், என் கம்பளிச் சால்வை எல்லாம் போட்டுக்கொண்டு கரையில் போய் நின்றார். இடையிடையே எங்கேயோ வெடி போட்டமாதிரிச் சத்தம் வரும். பனிமலை பிளக்கும் சத்தம்.

"கேக்குதே?" என்பார்.

"கேக்குது அத்தான். இதுக்கு வானொலியில கேட்டிருக்கலாம்."

"சும்மா இரும் மச்சாள்," என்பார். ஆனால் சிரிக்கமாட்டார். படத்தில் இருந்த வெள்ளை இதற்குள் எங்கோ நிற்கிறது, இவருக்குத் தெரியவில்லை. அது அவருக்கு மனதில் பட்டுவிட்டது என்று எனக்கு விளங்கியது. நானும் கேலியைக் கொஞ்சம் குறைத்தேன்.

பன்னிரண்டாம் திகதி காலை, பெட்டிகளைக் கட்டிவிட்டு விடுதியின் முன்கூடத்தில் இருந்தோம். விடுதியை நடத்தும் பெண் எங்களைப் பார்த்து வியந்துபோனாள். இன்றைக்கா போகிறீர்கள், நாளைக்குச் சூரியன் வருகிறது, ஊர் முழுக்கக் குன்றுக்கு ஏறிப் போய்ப் பார்க்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் போவார்கள் என்றாள். ஒரு நாள் பொறுத்தால் என்ன என்று கேட்டாள்.

அத்தான் அவளுக்கு டேனிஷில் விளக்கினார், நாளை மறுநாள் எங்களுக்கு ஒரு விழா இருக்கிறது, நான்தான் சமைக்கவேண்டும் என்று. என்ன விழா என்று கேட்டாள். அத்தான் கொஞ்சம் தயங்கினார். பிறகு சொன்னார், சூரியனுக்கு நன்றி சொல்லுகிற விழா.

அந்தப் பெண் இருண்ட யன்னலைப் பார்த்தாள். நான்தான் வாயை வைத்துக்கொண்டு இருக்கமுடியாமல் சொன்னேன்: "அத்தான், சூரியனுக்குப் பொங்கிறதுக்காகச் சூரியனை விட்டிட்டுப் போறியள்."

அக்கா சிரித்துவிட்டாள். அந்தப் பயணத்தில் அவள் முதன்முறை சிரித்தது அப்போதுதான்.

வாகனம் வந்து வாசலில் நின்றது. அத்தான் எழும்பினார். பெட்டியைப் பிடித்தார். பிறகு பெட்டியை விட்டுவிட்டுத் திரும்ப வந்து இருந்தார்.

"என்னப்பா?" என்றாள் அக்கா.

"ஒண்டுமில்லை. நீர் இரும்."

வாகனக்காரர் ஒருமுறை ஹோர்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனார். நாங்கள் மூன்று பேரும் பெட்டிகளோடு அங்கேயே இருந்தோம். விமானம் மேலே ஏறுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் அத்தான் போனை எடுத்தார். விரல் இரண்டு தரம் பிழையான இலக்கத்தை அழுத்தியது. ஆட்டிறைச்சிச் சட்டியைத் தனியாகத் தூக்குகிற கை.

"சிவபாலன் அண்ணை, ஒரு பிரச்சினை. இஞ்ச காலநிலை சரியில்லை. பிளேன்..."

போனில் சத்தம் அதிகம். அண்ணை சொன்னது எங்களுக்கும் கேட்டது. "பொறு, பொறு. நான் இப்ப கொம்பியூட்டரில உங்கட பிளேனைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன். அது போயிட்டுதெண்டு காட்டுது."

அக்கா நிலத்தைப் பார்த்தாள்.

"பிளேன் போயிட்டுது அண்ணை," என்றார் அத்தான் கடைசியில். "நான் போகேல்லை."

"போகேல்லையோ?" என்றார் அண்ணை.

"நாளைக்கு இஞ்ச சூரியன் வருதாம் அண்ணை. பாத்திட்டு வாறன்."

"அப்ப பானை?"

"பானை உங்கட வீட்டு கராஜுக்குள்ளதானே இருக்கு. பால் கொதிச்சு வரேக்க அடுப்பைக் குறைச்சுப்போட்டு, காத்துப் பக்கத்துக்கு ஒரு பலகையை வையுங்கோ. கிண்டுறதை நிப்பாட்டாதையுங்கோ."

"இருபது வருஷம், தாசன்," என்றார் அண்ணை.

"ஓம் அண்ணை," என்றார் அத்தான்.

பதின்மூன்றாம் திகதி மத்தியானம் ஊரோடு சேர்ந்து நாங்களும் குன்றேறினோம். அக்கா இரண்டு தரம் வழுக்கி விழுந்தாள். அவள் போட்டிருந்தது கோயிலுக்குப் போடும் சப்பாத்து. பிள்ளைகள் காகிதத்தில் மஞ்சள் கதிர்கள் வெட்டித் தலையில் கட்டியிருந்தார்கள். எல்லாரும் தெற்குப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால், பனிக்குப் பின்னால், ஒரு கோடு வந்தது. நகம் வெட்டிய அளவு. பிள்ளைகள் பாடத் தொடங்கினார்கள்.

அத்தான் அதைப் பார்த்தார். "இவ்வளவுதானோ?" என்றார்.

பிறகு எல்லாரும் சூரியனைப் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் மட்டும் மற்றப் பக்கம் திரும்பினார். கடலில் பனிமலைகள் நின்றன. நாங்கள் ஒரு கிழமையாக அவற்றின் காலடியில்தான் திரிந்திருக்கிறோம். வீட்டைவிட, கோயிலைவிட, பிரெடெரிசியாவின் தண்ணீர்க் கோபுரத்தைவிட உயரம். அவற்றின் உச்சிகளில் மட்டும் வெளிச்சம் பட்டது. பெட்டியில் வெள்ளை என்றுதான் அச்சடித்திருந்தார்கள். அது வெள்ளை இல்லை, அவித்த இறாலின் நிறம்.

"மாக்கிரட், இஞ்ச பாரும்," என்றார். "இஞ்ச பாரும் எண்டுறன்." அவள் பார்க்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பார்த்த பிறகும் சொன்னார்.

வெளிச்சம் போனபோது கைவிரல்களை ஊதிக்கொண்டு என்னிடம் வந்தார். முகம் சிவந்து ஈரமாக இருந்தது. குளிர்க் காற்றால் என்று சொன்னார், நானும் ஓம் என்றேன். பிறகு சொன்னார்: "செப்டெம்பரில வந்தா இன்னும் திறமாத் தெரியும் மச்சாள்."

திரும்பி வர இடம் கிடைத்தது பதினைந்தாம் திகதிதான். முதல்நாள் பொங்கல் அடிப்பிடித்திருந்ததாம். நன்றாகவே அடிப்பிடித்திருந்ததாம். ஆனாலும் சர்க்கரையை அள்ளிப் போட்டு எல்லாரும் சாப்பிட்டார்கள், பிள்ளைகள் நடனம் ஆடினார்கள், பேச்சாளர் வழமைபோல அதிக நேரம் பேசினார். சிவபாலன் அண்ணை இரண்டு கிழமை கதைக்கவில்லை. மூன்றாம் கிழமை கோல்டிங்கில் ஒரு பிறந்தநாளில் அத்தானுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "தாசன், காத்துப் பக்கம் எண்டு சொன்னியே, அது எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அதோடு சரியாகிவிட்டது.

தான் இல்லாமலும் விழா நடந்தது என்பது அத்தானுக்குக் கொஞ்சம் உறுத்தியது. "அடிப்பிடிச்சதை ஆக்கள் சாப்பிட்டவையாமே? முழுக்கச் சாப்பிட்டவையாமே?" என்று என்னிடம் பலமுறை விசாரித்தார். ஆனால் அந்த உறுத்தலிலிருந்து அவர் ஒரு கணக்குப் போட்டார். பொங்கலே நடக்குமென்றால் சாமத்தியவீடும் நடக்கும். அதற்குப் பிறகு செப்டெம்பருக்குக் கேட்டவர்களுக்கு எல்லாம், "நான் ஊரில இல்லை," என்று சொன்னார். முதல் தரம் சொன்னபோது வியர்த்ததாம். மூன்றாம் தரம் அவருக்கு அது பிடித்தே போய்விட்டது. யாரும் கேட்காமலேயே சொல்லத் தொடங்கினார். ரொட்டி வாங்கப் போன கடையில்கூட, செப்டெம்பரில் நான் இல்லை என்று டேனிஷில் சொல்லிவிட்டு வந்தார் என்று அக்கா சிரித்தாள்.

விமானத்துக்கும் வள்ளத்துக்கும் ஜெசிக்கா பதிவுசெய்து கொடுத்தாள். செப்டெம்பர் இரண்டாம் கிழமை. இந்த முறை என்னைக் கூப்பிடவில்லை. அக்கா அவரோடு தனியாகவே போகச் சம்மதித்திருந்தாள். அதை அவர் என்னிடம் சொன்னபோது கொஞ்சம் வெட்கப்பட்டார்.

ஓகஸ்டின் அந்தக் கடைசித் திங்கட்கிழமை நான் போனபோது, வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். சிவபாலன் அண்ணை கதவருகில் நின்று வருகிறவர்களுக்குக் கதிரை கொடுத்தார். அத்தான் காலையில் பல்கனியில் இருந்து வேலை செய்துகொண்டிருந்தாராம். அக்கா தேத்தண்ணி கொண்டு வந்தபோது சுவரில் சாய்ந்தபடி அசையாமல் இருந்தாராம். கிறீன்லாந்தின் ஈர நிலத்தில் நடக்க அக்காவுக்கென்று வாங்கிய புதுச் சப்பாத்துகள் அங்கே பழைய பத்திரிகை ஒன்றின் மேல் இருந்தன. பக்கத்தில் தண்ணீர் புகாமல் இருக்கப் பூசும் மெழுகு டப்பாவும் ஒரு துணியும். வலதுகால் சப்பாத்துக்குத் தையல் எல்லாம் பார்த்து இரண்டு பூச்சு பூசியிருந்தது. இடதுகாலுக்கு இன்னும் பூசவில்லை.